நடைக்கூடத்தில் பதினேழு பேர்

மார்ச் 3, திங்கள்

காலை ஏழரைக்கு டூட்டி ஏற்கும்போது எண்ணினேன். அவசரப் பிரிவின் நடைக்கூடத்தில் பதினேழு ஸ்ட்ரெச்சர். உள்ளே இருக்கும் பன்னிரண்டு படுக்கைகளும் நிரம்பி, சக்கர நாற்காலிகள் நிரம்பி, எக்ஸ்ரே அறை வாசல் பெஞ்சும் நிரம்பி, மிச்சம் பேர் சுவரோரமாக வரிசையாகப் படுத்திருந்தார்கள். யார் யார் என்று குழம்பக்கூடாதென்று சுவரில் எண் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒன்று முதல் இருபது வரை. இருபத்தொன்று எழுதவில்லை. எழுதினால் அதற்கும் ஆள் வந்துவிடுமோ என்று ஒரு பயம்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் உண்டு. சாதாரணமாகப் பேசினாலே நாலு அறை தள்ளிக் கேட்கும். நாங்கள் வைத்த பெயர் சைரன். வந்தவுடன் ஆரம்பித்தார்.

"சிஸ்டர், என் ஸ்ட்ரெச்சரைக் குடுங்க. விடிஞ்சதுலேருந்து நிக்கறேன்."

"அதுல ஆள் இருக்காரே, அவரை எங்க போட?"

"உங்க மேசையில போடுங்க. என் வண்டி போகணும்ல?"

அவர் சொல்வதும் நியாயம்தான். நாங்கள் மாற்றிப் படுக்க வைக்க ஒன்று கிடைக்காதவரை அவருடைய ஸ்ட்ரெச்சர் இங்கே மாட்டிக்கொள்ளும். அது இல்லாமல் வண்டி கிளம்பாது. வெளியே இப்படி மூன்று வண்டிகள் நின்றன. ஊரில் யாருக்காவது மயக்கம் வந்தால், அவர்கள் கூப்பிடும் வண்டி எங்கள் வாசலில் நிற்கிறது.

வார்டுகளுக்கு போன் போட்டேன். ஐந்தாம் மாடி பொது மருத்துவ வார்டின் பொறுப்பு சிஸ்டர் என் தோழி. நர்சிங் படிக்கும்போது விடுதியில் ஒரே அறை, ஒரே கண்ணாடி. இப்போது அவள் எனக்கு மேல்வீட்டுக்காரி.

"படுக்கை இருக்காடி?"

"இல்லடி."

"ஒண்ணுகூடவா?"

"ஒளிச்சு வெச்சா இருக்கேன்? இல்லன்னா இல்ல."

வைத்துவிட்டாள். மாலை வீட்டில் சாப்பாடு பரிமாறும்போது என்னை அறியாமல் "அடுத்தது யாரு?" என்று கேட்டிருக்கிறேன். மகள் தட்டை நீட்டி, "வயசு பதினேழு, ரெண்டு மணி நேரமா பசி, வாந்தி இல்ல" என்றாள். என் கணவருக்குச் சிரித்ததில் புரையேறியது.

மார்ச் 4, செவ்வாய்

பதினைந்து. "இன்னிக்கு நல்ல நாள் சிஸ்டர்" என்றார் டூட்டி டாக்டர். அவர் உயரம், ஒல்லி, சீட்டு எழுதும்போது ஒரு காலை மடக்கி நிற்பார். அதனால் கொக்கு. பதினைந்து பேர் நடைவழியில் கிடப்பது நல்ல நாள் கணக்கில் சேர்ந்துவிட்டது.

மார்ச் 6, வியாழன்

ஆறாம் எண்ணும் ஏழாம் எண்ணும் நேற்று மின்விசிறிக்காகச் சண்டை. இன்று இரண்டு குடும்பமும் சம்பந்தம் பேசுகிறார்கள். பையன் என்ன படித்திருக்கிறான் என்பது வரைக்கும் வந்தாயிற்று. இன்னும் ஒரு நாள் படுக்கை கிடைக்காவிட்டால் நாள் குறித்துவிடுவார்கள்.

ஒன்பதாம் எண்ணில் காலை எட்டு மணிக்கு ஒருவரைச் சேர்த்தோம். தச்சு வேலை செய்பவர், அறுபதை நெருங்கிய வயது. நெஞ்சு கனம், மூச்சு வாங்குகிறது. ஈசிஜி பார்த்துவிட்டு கொக்கு, "இவரை இங்க வைக்கக்கூடாது, மேல வார்டுல மானிட்டரோட இருக்கணும்" என்றார். ஆக்சிஜன் வைத்தேன். அந்த முகமூடியை விலக்கிக்கொண்டு தச்சர் என்னிடம் சொன்னார்: "அந்தக் கதவு கத்துது பாருங்க. கீல் இறங்கியிருக்கு. ரெண்டு திருகாணி போதும்மா."

"முதல்ல உங்க கீலைச் சரி பண்ணுவோம்" என்றேன். அவர் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

ஒன்பதாம் எண் போய்விட்டார்.

மதியம் மூன்று மணி. நான் பன்னிரண்டாம் எண்ணுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். தச்சரின் மனைவி வந்து தோளைத் தொட்டார். "அவர் கூப்பிட்டா பேச மாட்டேங்கறார்." ஓடினேன். கொக்கு ஓடி வந்தார். சுவருக்கும் அடுத்த ஸ்ட்ரெச்சருக்கும் நடுவே நெஞ்சை அழுத்துவதற்கு நிற்க இடமில்லை. பத்தாம் எண்ணை இழுத்துத் தள்ளினோம். மடக்குத் திரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு துப்புரவு அக்கா அப்படியே நின்றார். அரை மணி நேரம் பார்த்தோம்.

பிறகு அவரை அங்கிருந்து நகர்த்தினோம். ஸ்ட்ரெச்சர் நகர்ந்ததும் அந்த அம்மா பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். "படுக்கை கிடைச்சிருச்சா? எந்த வார்டும்மா?"

என்ன சொல்ல. என்னன்னு சொல்ல. முப்பத்தொரு மணி நேரம். முப்பத்தொரு மணி நேரமா அந்த மனுஷன் ஒரு நடைவழியில கிடந்தார். அஞ்சாம் மாடிக்கு ஒன்பது மணிக்குக் கேட்டேன், பதினொன்றரைக்குக் கேட்டேன், ரெண்டு மணிக்குக் கெஞ்சினேன். இல்ல, இல்ல, இல்ல. நாற்பது படுக்கை வெச்சிருக்கா, ஒண்ணு இல்லையாம். நான் மேல போய்ப் பார்த்திருக்கணுமா? நானே தள்ளிட்டுப் போயிருக்கணுமா?

எழுத வரவில்லை.

மார்ச் 8, சனி

லிஃப்ட் வாசலில் மேல்வீட்டுக்காரியைப் பார்த்தேன். பேசக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

"நேத்து ஒருத்தர் போயிட்டார், தெரியுமா?"

"கேள்விப்பட்டேன்."

"உன்கிட்ட மூணு தடவை கேட்டேன்."

"மூணு தடவையும் இல்லன்னுதான் சொன்னேன். இருந்துமா இல்லன்னேன்?"

"நாற்பது படுக்கைடி! நீ ஃபேன் காத்துல உக்காந்துட்டு இல்லன்னு சொல்றது சுலபம்."

லிஃப்டில் இருந்த ஏழு பேரும் கேட்டார்கள். கதவு மூடப் போய், யாரோ இன்னும் கேட்பதற்காகப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"ஃபேன் காத்தா? வா. வந்து என் நாற்காலியில உக்காரு. ஒரு வாரம் உக்காரு. நான் கீழ போறேன்."

"போடி. வரேன்."

இருபத்தேழு வருட சிநேகம். கண்ணாடியைப் பங்குபோட்டவர்கள்.

மார்ச் 9, ஞாயிறு

விடுமுறை. கணவரிடம் எல்லாம் சொன்னேன். அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார், எதற்கும் வண்டியைத்தான் இழுப்பார். "ஜாம்ல நிக்கறவன் முன்னாடி இருக்கறவனைத்தான் திட்டுவான். இறங்கி நடந்து போய்ப் பார்த்தா, அவனுக்கும் முன்னாடி முப்பது வண்டி நிக்கும்" என்றார்.

"உங்களை யாராவது கேட்டாங்களா?" என்றேன். பிறகு சமாதானம் சொல்ல அவருக்கு ஒரு காபி போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று.

மார்ச் 10, திங்கள்

இருவரும் தனித்தனியாகப் போய் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் இடம் மாற்றிக்கொள்ள எழுதிக் கொடுத்தோம். அவர் போனில் யாருடனோ பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். என்ன தாள் என்று படித்தாரா தெரியாது. நாளை முதல் சனி வரை.

மார்ச் 11, செவ்வாய்

ஐந்தாம் மாடி. படுக்கைகள் நாற்பது. ஆட்கள் நாற்பத்தாறு. ஆறு பேர் தரையில் மெத்தை போட்டுப் படுத்திருக்கிறார்கள். அந்த ஆறு பேரும் நான் கீழேயிருந்து அனுப்பியவர்கள். அவள் எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மின்விசிறி இருக்கிறது. மூன்றில் ஒன்று சுற்றுகிறது. சிஸ்டர் நாற்காலி அதற்குக் கீழே இல்லை.

நான்கு நர்சுகள் இருக்க வேண்டிய இடத்தில் இருவர். ஒன்பது பத்துக்கு போன் அடித்தது.

"அவசரப் பிரிவுலேருந்து. ஒரு படுக்கை இருக்கா?" அவள் குரல்.

சுற்றிலும் பார்த்தேன்.

"இல்ல" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, அது சிரிப்புதானா தெரியவில்லை, போன் வைக்கப்பட்டது.

மார்ச் 12, புதன்

இன்று நான் ஒரு தாளின் பின்னாலேயே நடந்தேன்.

இருபத்திரண்டாம் படுக்கையில் ஒரு பேருந்து நடத்துனர். நிமோனியா, குணமாகிவிட்டது. காலை ஏழு மணிக்கே குளித்து, தலை வாரி, செருப்புப் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "டிக்கெட் குடுத்தா இறங்கிடுவேன்" என்றார். அவருக்கு வேண்டிய டிக்கெட், டிஸ்சார்ஜ் கடிதம்.

பெரிய டாக்டர் வந்து சொன்னது பதினொன்றரைக்கு. கடிதம் தட்டச்சு செய்பவர் இரண்டாம் மாடியில். ஆறு வார்டுக்கும் அவர் ஒருவர்தான். ஒரு மணிக்கு அடித்தார். வயது ஐம்பத்திரண்டு என்பதற்கு இருபத்தைந்து என்று விழுந்துவிட்டது. திரும்பப் போனது. அதற்குள் சாப்பாட்டு நேரம். இரண்டே காலுக்குச் சரியான தாள். மூன்று மணிக்கு மருந்தக ஜன்னல். நாலே காலுக்குச் சக்கர நாற்காலி தள்ள ஆள். நாலு நாற்பதுக்குக் கட்டில் துடைத்தது. ஆக, காலை ஏழு மணியிலிருந்து மாலை நாலே கால் வரை, நோயில்லாத ஒரு மனிதர் ஒரு படுக்கையில் செருப்போடு உட்கார்ந்திருந்தார். அவரைப்போல் இன்னும் ஏழு பேர்.

டூட்டி முடிந்தபின் இந்த வார்டின் பதிவேட்டை எடுத்தேன். வேண்டாம் என்று ஒரு மனம் சொன்னது. மார்ச் 7, வெள்ளி. பதினாலாம் படுக்கை. டிஸ்சார்ஜ் சொன்ன நேரம் காலை 8.15. படுக்கை காலியான நேரம் மாலை 4.30.

அவள் பொய் சொல்லவில்லை. படுக்கையில் ஆள் இருந்தார். நானும் பொய் சொல்லவில்லை. படுக்கையில் நோயாளி இல்லை.

அந்தப் பக்க எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 13, வியாழன்

மேல்வீட்டுக்காரி இப்போது கீழ்வீட்டுக்காரி. போன் செய்து கேட்பதை விட்டுவிட்டாள். பத்து மணிக்கு லிஃப்ட் கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரோடு அவளே நிற்கிறாள். தொண்டை கட்டிப்போய் குரலே வரவில்லை. கையால் "எங்கே வேணும்னாலும் போடு" என்று காட்டிவிட்டு, அதே லிஃப்டில் இறங்கிப் போனாள். மருந்து அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே போட்டேன். நாற்பத்தேழு.

சைரன் அவளையும் விடவில்லையாம். "நீங்களாவது ஸ்ட்ரெச்சரைக் குடுப்பீங்கன்னு பார்த்தேன்" என்று மூன்று நாளாக ஒரே பாட்டு.

மார்ச் 15, சனி

டூட்டி முடிந்து இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்தோம். அவள் காலணி ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. அஞ்சு நாளில் கீழே அவள் நடந்த நடைக்கு அது சாட்சி.

முதலில் நான்தான் பேசினேன். "ஃபேன் காத்துன்னு சொன்னேன். தப்பு."

அவள் தேநீரை ஊதிக்கொண்டே இருந்தாள். பிறகு தொண்டையைச் செருமி, "ஒன்பதாம் நம்பர் எதுன்னு கொக்குகிட்ட கேட்டேன். காட்டினார். அங்க ஒரு பாட்டியைப் படுக்க வெச்சிருந்தாங்க. எனக்கு அந்தப் பக்கம் போகவே கால் வரலடி" என்றாள். "உனக்குத் தெரியுமா, அன்னிக்கு பதினாலாம் படுக்கைல..."

"பார்த்தேன்."

"பார்த்துட்டியா."

"எட்டேகால்லேருந்து நாலரை வரைக்கும்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நானும். கொஞ்ச நேரம் கழித்து அவள்தான் கேட்டாள்: "வீட்டுக்குப் போறவங்க கட்டில்லதான் உக்காந்து காத்திருக்கணும்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு? ஒரு நாற்காலி போதாதா?"

"நாற்காலி எங்க இருக்கு?"

இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. தரைத்தளத்தில் மருந்தகத்துக்கு எதிரே ஒரு அறை. ஆய்வுக்கு வரும் மேலதிகாரிகள் ஓய்வெடுப்பதற்காகக் கட்டியது. ஆறு சோபாக்கள். வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பூட்டியே கிடக்கிறது.

"வேலை போயிரும்டி" என்றேன்.

"போகாது. தண்ணியில்லாத ஊருக்கு மாத்துவாங்க, அவ்வளவுதான்" என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

மகளிடம் சொன்னேன். "அம்மா, இது திருட்டுதானே?" என்றாள் கண்கள் மின்ன. "எடுத்துக்கிட்டு ஓடினாத்தான் திருட்டு, உட்கார்ந்தா இல்ல" என்றார் அவள் அப்பா. இருவரும் சாப்பாட்டு மேசையில் எனக்குச் சாவி வாங்கும் யோசனைகள் சொல்கிறார்கள். குடும்பமே இப்படி என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

மார்ச் 18, செவ்வாய்

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்று பிற்பகலே மேல்வீட்டுக்காரி, இன்று போகக்கூடியவர்கள் யார் யாரென்று பெரிய டாக்டரிடம் கெஞ்சிக் கேட்டு, தட்டச்சரின் மேசையில் கொண்டுபோய்ப் பட்டியலை வைத்துவிட்டாள். மற்ற வார்டு சிஸ்டர்களிடமும் சொல்லிவைத்தாள். காலை எட்டரைக்குக் காவலரிடம், "அறையைச் சுத்தம் பண்ணணும்" என்று சாவி வாங்கினாள். உண்மையிலேயே சுத்தம் செய்தோம். துப்புரவு அக்கா சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தபோது வந்த சத்தத்தில் வெளியே யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தேன்.

ஒன்பதரைக்குள் பதினோரு பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோரும் போகத் தயாரானவர்கள், பையோடும் மருந்துச் சீட்டோடும். ஒரு நர்சு கூடவே. மேலே பதினோரு படுக்கைகள் காலி. கொக்கு தன் நீளக் கால்களோடு லிஃப்டுக்கும் நடைக்கூடத்துக்கும் ஓடினார். பன்னிரண்டு மணிக்குள் நடைக்கூடத்திலிருந்து பதினோரு பேர் மேலே போய்விட்டார்கள். மிச்சம் ஐந்து பேர். சைரனின் ஸ்ட்ரெச்சரைப் பத்தரைக்கே கொடுத்துவிட்டோம்.

பதினொன்றுக்குக் கண்காணிப்பாளர் அந்த வழியாக வந்தார். கதவு திறந்திருப்பதைப் பார்த்து உள்ளே எட்டிப் பார்த்தார். புது சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அவரைப் பார்த்து, "தம்பி, என் சீட்டு வந்திருச்சா? கொஞ்சம் சுருக்கா பாருங்க" என்றார்.

கண்காணிப்பாளர் என் பக்கம் திரும்பினார். "இது என்ன?"

"காத்திருக்கறாங்க சார்."

"யார் சொன்னது?"

மேல்வீட்டுக்காரி ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "போன மாசக் கூட்டத்துல நீங்கதான் சார் சொன்னீங்க, நோயாளிகளோட வசதிதான் முக்கியம்னு."

"எழுத்துல பதில் வரணும். ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியவர் பின்னாலிருந்து, "மறந்துடாதீங்க தம்பி!" என்றார்.

மார்ச் 19, புதன்

விளக்கம் கேட்டு மெமோ வந்துவிட்டது. "அனுமதியின்றி அறையைத் திறந்தது, அரசு உடைமையின் உறையைக் கிழித்தது." அறைக்கு மறுபடி பூட்டு. நடைக்கூடத்தில் பதினெட்டு.

மார்ச் 20, வியாழன்

அவள் விளக்கம் நாலு பக்கம். என்னுடையது எத்தனை தடவை எழுதியும் மனு மாதிரியே வந்தது. கடைசியில் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு வரி எழுதினேன்: மார்ச் 7 அன்று பதினாலாம் படுக்கை காலை 8.15 முதல் மாலை 4.30 வரை குணமான ஒருவரிடம் இருந்தது. அன்று மதியம் மூன்று மணிக்கு நடைக்கூடத்தில் ஒன்பதாம் எண் இறந்தார். வார்டு, அவசரப் பிரிவு இரண்டின் பதிவேட்டு நகலையும் இணைத்தேன். வீட்டில் கணவர் படித்துப் பார்த்துவிட்டு, "இது உன்னையும் சேர்த்துத்தான் குற்றம் சொல்லுது" என்றார்.

"ஆமா. தெரிஞ்சுதான் எழுதினேன்."

மார்ச் 22, சனி

நேரில் விசாரணை. கண்காணிப்பாளர் என் இரண்டு வரியைக் கையில் வைத்திருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. "இந்த ஒன்பதாம் எண்... கூட யார் இருந்தாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"மனைவி, சார்."

"சரி. போங்க."

வெளியே வந்ததும் மேல்வீட்டுக்காரி, "நம்மளைப் போகச் சொன்னாரா, வேலையை விட்டே போகச் சொன்னாரா?" என்றாள். படி இறங்கும்வரை இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பயத்தில் வரும் சிரிப்பு அது, நிறுத்தவே முடியாது.

மார்ச் 25, செவ்வாய்

ஒன்றும் வரவில்லை. பதினாறு.

மார்ச் 28, வெள்ளி

சுற்றறிக்கை. "கண்காணிப்பாளர் அவர்களின் புதிய திட்டத்தின்படி" தரைத்தள ஓய்வறை இனி வீடு திரும்புவோர் காத்திருப்பறை. பெரிய டாக்டர்கள் முந்தின நாள் பிற்பகலிலேயே டிஸ்சார்ஜ் பட்டியல் தரவேண்டும். தட்டச்சுக்கு இன்னொருவர். மருந்தகத்தில் தனி ஜன்னல்.

கூடவே எங்கள் இருவருக்கும் தனித்தனியாக ஒரு உறை. "கடுமையாக எச்சரிக்கப்படுகிறது." பணிப்பதிவேட்டில் ஏறிவிட்டது. மகள் அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறாள்.

சுற்றறிக்கையை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, "யாரோட புதிய திட்டமாம்?" என்று கொக்கு கேட்டார். "யாரோடதா இருந்தா என்ன, படுக்கை வருதுல்ல" என்றாள் மேல்வீட்டுக்காரி. சொல்லிவிட்டு, வராந்தா முனை வரை போய்த் தனியாக நின்று நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்தாள்.

ஏப்ரல் 3, வியாழன்

தச்சரின் மனைவி வந்திருந்தார். இறப்புச் சான்றிதழில் பெயரில் ஒரு எழுத்துப் பிழை, திருத்த வேண்டும். அலுவலகத்துக்கு நானே கூட்டிப் போனேன். வேலை முடிந்து திரும்பும்போது நின்றார்.

"அந்த இடத்துல இப்ப யாரு இருக்காங்க?"

கூட்டிப் போய்க் காட்டினேன். ஒன்பதாம் எண்ணில் ஒரு கல்லூரிப் பெண், கணுக்கால் சுளுக்கு, எக்ஸ்ரேக்குக் காத்திருந்தாள், பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். தரையில் தொங்கிக்கொண்டிருந்த போர்வை நுனியை எடுத்து ஸ்ட்ரெச்சரில் செருகினார். பெண் ஒன்றும் புரியாமல் பிஸ்கட்டை நீட்டினாள். அவர் ஒன்று எடுத்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரமாம்மா இருக்கே?"

"அரை மணி நேரம்தான் ஆன்ட்டி."

"அப்ப சரி" என்றார். வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

ஏப்ரல் 9, புதன்

இருபது. மழையில் பேருந்து ஒன்று சாய்ந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் கை கால் எல்லாம் கட்டு. எல்லோரையும் பார்த்து முடிக்கவே மதியம் மூன்றாகிவிட்டது. நர்சுகள் போதவில்லை. அது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. இன்று இருபத்தொன்று எழுதி ஒட்ட வேண்டியிருக்கும் என்று பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். மேல்வீட்டுக்காரி வந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனாள். கேட்கவே இல்லை, வந்தாள், போனாள்.

ஏப்ரல் 14, திங்கள்

ஏழு. காத்திருப்பறையில் ஆட்கள் இப்போது தாங்களே செய்தித்தாள் கொண்டுவருகிறார்கள். சோபாவில் ஒன்றுக்கு ஸ்பிரிங் போய்விட்டது.

ஏப்ரல் 22, செவ்வாய்

பதினொன்று ஐந்துக்குக் கொக்கு என் மேசைக்கு முன் வந்து நின்றார். "சிஸ்டர், கொஞ்சம் வெளிய வாங்க." குரலில் என்னவோ இருந்தது. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன்.

நடைக்கூடத்தில் யாருமில்லை.

கடைசி ஆளை அப்போதுதான் மூன்றாம் மாடிக்கு அனுப்பியிருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் ஒன்றுகூட இல்லை. சுவரில் என் எண்கள் மட்டும், ஒன்று முதல் இருபது வரை, யாருக்குமில்லாமல். தரை தெரிந்தது. பச்சைத் தரை. வெளிர் பச்சை, நடுவில் ஒரு மஞ்சள் பட்டை, வாசலிலிருந்து எக்ஸ்ரே அறைவரைக்கும் நேராகப் போகிறது. பதினோரு வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன். அப்படி ஒரு பட்டை இருப்பது இன்றுதான் தெரியும்.

ஐந்தாம் மாடிக்கு போன் செய்தேன்.

"எத்தனை வேணும்?" என்றாள். "மூணு காலியா வெச்சிருக்கேன்."

"ஒண்ணும் வேண்டாம். நீ மட்டும் கீழ வா."

"என்னாச்சுடி?" பயந்துவிட்டாள். லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கி, மூச்சு வாங்க வந்து நின்றாள். பார்த்தாள். ஒன்பதாம் எண் பக்கம் ஒரு முறை பார்வை போய்த் திரும்பியது. பிறகு மஞ்சள் பட்டையில் காலை வைத்து, ஒரு பாதத்துக்கு முன் இன்னொரு பாதமாக, கைகளை விரித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். நாற்பத்தைந்து வயது, பொறுப்பு சிஸ்டர். நானும் பின்னாலேயே போனேன்.

"அம்மா, அம்மா, இப்பதான் துடைச்சேன்!" என்று துப்புரவு அக்கா வாளியோடு கத்தினார். "இத்தனை வருஷத்துல முதல் தடவையா முழுசா துடைச்சிருக்கேன், காயற வரைக்குமாவது ஒதுங்கி நில்லுங்களேன்!"

ஒதுங்கி நின்றோம். நான், அவள், கொக்கு, மூன்று பேரும் சுவரில் சாய்ந்துகொண்டு தரை காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இருபது நிமிடம் இருக்கும்.

பிறகு வாசலில் வண்டிச் சத்தம். அவளுக்கு மாடியில் வேலை கிடக்கிறது. படிக்கட்டுப் பக்கம் திரும்புவாள் என்று நினைத்தேன். அவள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு எனக்கு முன்னால் வாசலுக்குப் போனாள்.